வீட்டில் ஓவியர் முளைத்தால் உடனே செய்ய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குடியிருக்கும் பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா, பக்கத்து வீட்டு ரிட்டையர்ட் வாத்தியார் ஆகியோரின் நலன் கருதி இந்தக் கையேடு வெளியிடப்படுகிறது. பெற்றோரும் படிக்கலாம். ஆனால் பிள்ளை விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை நம் பக்கத்தில் பெற்றோருக்கு எப்போது இருந்தது?

முதலில் அறிகுறிகள். பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. முகம் பார்த்துப் பேசாது. சட்டைக் காலரில் தைத்திருக்கும் லேபிள் குத்துகிறது என்று கத்தரிக்கோல் கேட்கும். சுண்ணாம்புக்கல் லாரி தெருவைத் தாண்டும்போது இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் வரையும். காகிதம் தீர்ந்தால் காலண்டர் தாளின் பின்பக்கம்; அதுவும் தீர்ந்தால் சுவர். டாக்டரிடம் போனால் ஆட்டிசம் என்பார், ஏ.டி.எச்.டி. என்பார், டிஸ்லெக்சியா என்பார். எல்லோருக்கும் மூளை ஒரே மாதிரி ஓடுவதில்லை, அதில் குற்றம் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் இவர்களுக்கெல்லாம் சேர்த்து ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்று ஒரு பொதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெயர் எதற்கு? “ஒரு மாதிரி” என்றால் ஊருக்கே புரியும்.

தேவையான பொருட்கள்: வசம்பு ஒரு துண்டு, கழுதைப்பால் ஒரு சங்கு, ஐன்ஸ்டீன் படம் ஒன்று, பொன்னாடை ஒன்று (ஜரிகை கெட்டியாக இருக்கட்டும்), மைக் செட்.

படி 1: கண்டும் காணாமல் இருங்கள்

“இவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் பேச ஆரம்பிச்சாரு.” இந்த ஒரு வாக்கியத்தை வைத்து இரண்டு வருடம் ஓட்டலாம். தாத்தா காலமாகியிருந்தால் இன்னும் வசதி, மறுக்க ஆள் இல்லை. அதற்குள் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுங்கள். தெருவில் கழுதை ஓட்டி வருகிறவரிடம் பால் வாங்கிப் புகட்டுங்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்கள், வெள்ளிகளில்தான் திறந்திருக்கும். மற்ற ஐந்து நாளையும் வீணாக்காமல் ஆளுக்கொரு யோசனை சொல்லலாம். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதிக்க மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தனி மையம் இருப்பதை யாரும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. யெஸ். பாலபாரதி ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார். அதை வாங்கிப் படித்துத் தொலைத்தால் நம் யோசனையை யார் கேட்பார்கள்?

படி 2: திறமையையும் கோளாறையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

கையேட்டின் உயிர்நாடி இதுதான். பொறுமையாகச் செய்யவும்.

காரை கிராமத்துப் பக்கத்துப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். அங்கே செம்மண் ஓடைகளில் சுமார் பத்துக் கோடி வருடத்துக்கு முந்திய கடலின் மிச்சம் கிடக்கிறது. அந்தக் கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன அம்மோனைட் மேல் பையனுக்குப் பைத்தியம். சுருண்ட ஓடு, ஓட்டின் மேல் வரிவரியாக மேடு. ஒரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு வரைகிறான். நேற்று வரைந்ததும் இதே கல். அதற்கு முந்தின நாளும் இதே கல். படத்தைக் கல்லோடு வைத்துப் பாருங்கள்: கல்லில் எத்தனை மேடோ தாளிலும் அத்தனை. வெளிச்சுற்றில் ஓரிடத்தில் ஓடு சிதைந்து மழுங்கியிருக்கிறது. படத்திலும் அதே இடத்தில் கோடு நின்று, விரல் நுனி அகலத்துக்குத் தாள் வெறுமையாக இருந்து, மறுபடி தொடங்குகிறது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பியிருப்பார்கள். இவன் இல்லாததை வரையவில்லை.

இப்போது பெரியப்பா உள்ளே வர வேண்டும். “கை நல்லா இருக்கு. ஆனா ஒரே கல்லையே வரைஞ்சுட்டு இருந்தா எப்படி? ஒரு மயிலு, ஒரு தாஜ்மகாலு வரையச் சொல்லுங்க.” அதாவது, அந்தக் கையை வைத்துக்கொள்கிறோம்; ஒரே பொருளில் ஒட்டிக்கொள்ளும் பிடிவாதத்தை எடுத்துவிட வேண்டும். அந்தக் கண்ணை வைத்துக்கொள்கிறோம். லாரிச் சத்தத்தில் துடிக்கும் காதை மட்டும் மாற்ற வேண்டும். சின்ன ஒலியும் பெரிதாகக் கேட்கிற, சின்ன மேடும் பெரிதாகத் தெரிகிற புலன்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இப்படிப் பிரித்தெடுத்ததில் யாரும் இதுவரை வெற்றி பெற்றதில்லை. உங்கள் கைராசி எப்படியோ.

இந்தக் கட்டத்தில் பிள்ளையை வேப்பந்தட்டைப் பக்கம் அரும்பாவூருக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். அங்கே வாகையிலும் மாமரத்திலும் வேம்பிலும் சாமி செதுக்குகிறார்கள். 2020இல் அந்த மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சிற்ப நூல் கணக்கில் உத்தம தச தாளம் என்றால் உருவத்தின் உயரத்தை 124 கூறாக்கி, நெற்றிக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை என்று எண்ணி எண்ணிப் பங்கு வைப்பார்கள். திருவாச்சியில் வருகிற சுடர் ஒவ்வொன்றும் பக்கத்துச் சுடரின் அச்சாக இருக்க வேண்டும். பட்டறையில் ஒரே சுடரை நாள் பூராவும் செதுக்குகிறவர் ஸ்தபதி. வீட்டில் ஒரே சுருளை நாள் பூராவும் வரைகிறவன் நோயாளி. என்ன வித்தியாசம் என்று பிள்ளை கேட்டால், “அதுல காசு வருதுல்ல” என்று முடித்துக்கொள்ளவும். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் தவிர்க்கலாம். பையன் கால்சட்டைப் பையில் இருந்தால் குப்பை என்று நாம் தூக்கிப் போடுகிற கல்லை அங்கே கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். குழப்பம் வரும்.

படி 3: காகிதத்தை ஒளித்து வையுங்கள்

இதற்கு வெளிநாட்டு ஆதாரமே உண்டு. லண்டனில் 1974இல் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயருக்கு ஆட்டிசம். சின்ன வயதில் பேச்சே இல்லை. பள்ளியில் வரைபொருட்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள், வாய் திறந்து கேட்கட்டும் என்று. அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் ‘பேப்பர்’. “பாத்தீங்களா!” என்று மேசையைத் தட்டிவிட்டுக் கதையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேட்ட கையோடு பேப்பரைக் கொடுத்தார்கள் என்பதையோ, 2005இல் டோக்கியோ நகரத்தை ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்து மீட்டர் நீளத்துக்கு நினைவிலிருந்தே வரைந்தார் என்பதையோ, சொந்த ஓவியக்கூடம் நடத்துகிறார் என்பதையோ நீட்டிச் சொன்னால் கதையின் நீதி கெட்டுப்போகும்.

நாடியாவின் கதையும் கைவசம் இருக்கட்டும். இங்கிலாந்துச் சிறுமி, மூன்று, நான்கு வயதிலேயே பாய்ந்து வரும் குதிரைகளைப் பேனாவால் வரைந்தவள். லோர்னா செல்ஃப் என்ற உளவியலாளர் அவளைப் பற்றி 1977இல் புத்தகம் எழுதினார். பிறகு கொஞ்சம் பேச்சு வந்தது, குதிரைகள் மங்கிப்போயின. ஒன்று வந்ததால்தான் மற்றொன்று போனதா என்று அறிஞர்கள் இன்னும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. “பேச்சு வந்துடுச்சுல்ல, குதிரை என்ன சோறா போடப் போகுது?”

படி 4: பெண் பிள்ளையாக இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்

மார்கழியில் விடியுமுன் எழுந்து சிக்குக் கோலம் போடுகிறாள். பாதிக் கோலத்தில் ஒரு வளைவு புள்ளியைத் தொட்டுவிட்டால் மொத்தத்தையும் நீர் தெளித்து அழித்துவிட்டு முதல் புள்ளியிலிருந்து தொடங்குகிறாள். யாரோடும் சேர்வதில்லை. கல்யாண வீட்டில் மற்ற பெண்கள் சிரிப்பதைப் பார்த்து, அரை நொடி தாமதித்து, அதே அளவு சிரிக்கிறாள். வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்துவிடுகிறாள்.

“தங்கமான பொண்ணு, வாயத் தொறக்க மாட்டா.” போதும். ஆட்டிசம் உள்ள பெண்களை உலகம் முழுக்கவே தாமதமாகத்தான் அடையாளம் காண்கிறார்கள். நாம் மட்டும் என்ன அவசரப்பட வேண்டியிருக்கிறது?

படி 5: சான்றிதழை எதிர்த்துப் போராடுங்கள்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஆட்டிசம் அதில் உண்டு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் உண்டு. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஆள் என்று சலுகைகளும் உண்டு. வாங்க விடாதீர்கள். “சர்ட்டிபிகேட் வாங்குனா நாளைக்கு இவன் தங்கச்சிக்கு யாரு வரன் கொண்டு வருவா?” என்று அத்தை கேட்டால் வீடு அடங்கிவிடும். ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. ஆகவே அப்படி ஒன்று கிடையாது. அதற்குப் பழைய பெயரே செல்லும்: கொழுப்பு.

படி 6: வளர்ந்த பிறகு அவரே சொல்ல வந்தால் நம்பாதீர்கள்

சில பேர் நம் கையேட்டையெல்லாம் தாண்டி வளர்ந்துவிடுகிறார்கள். பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு பிளக்ஸ் கடை டிசைனரை எடுத்துக்கொள்ளுங்கள். காதணி விழா பேனரில் ‘அன்புடன்’ என்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு மயிரிழை இடம் கூடியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கஸ்டமர் எதிரே உட்கார்ந்து, “மாமன் படம் இன்னும் கொஞ்சம் பெருசா, சிங்கம் பக்கத்துல…” என்று விவரித்தால் நாலாவது வாக்கியத்தில் அவர் மனம் எங்கோ போய்விடும். பகலில் பிரிண்டர் இரைச்சல், போன் இரைச்சல், கடைக்கு வெளியே பஸ் இரைச்சல். ஒரு வேலையும் ஓடாது. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் ஒரே மூச்சில் ஆறு பேனர் முடித்துவிடுவார். விடிகாலையில் அதே கணினியில் தனக்காகப் படம் செய்வார்: எழுத்துகளே இல்லாத, வெறும் இடைவெளிகளால் ஆன படங்கள்.

முப்பது வயதுக்கு மேல் ஒரு நாள், திருச்சியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்: “எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்காம். சின்ன வயசுலேருந்து நான் சோம்பேறின்னு நெனச்சுட்டு இருந்தேன் மாமா.”

மாமா சொல்ல வேண்டியது: “அட போப்பா, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.” அவர் முகத்தில் இருந்த நிம்மதி வடியும்வரை இதைத் திரும்பச் சொல்லவும். ராத்திரி வேலை செய்வது அவருடைய ஒழுங்கீனம், எழுத்து இடைவெளி அவருடைய கிறுக்கு, விடிகாலைப் படம் அவருடைய பொழுதுபோக்கு என்று இத்தனை நாள் நாம் மூன்றாகக் கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவர் ஒன்றாக அவிழ்த்துக் கொட்டி, “இது எல்லாம் சேர்ந்ததுதான் நான்” என்கிறார். அனுமதித்தால் அடுத்து, பகல் ஷிப்டுக்கு வர மாட்டேன் என்பார். காரணத்தோடு சொல்வார். அதுதான் ஆபத்து.

படி 7: வருடத்துக்கு இரண்டு நாள் மேடையேற்றுங்கள்

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். இந்த இரண்டு நாளும் கலைஞர் தேவைப்படுவார். மற்ற 363 நாளும் அவரிடம் யாரும் படம் வாங்க மாட்டார்கள் என்பதால் கூப்பிட்டால் வரக்கூடியவர்தான்.

மண்டபத்தில் குழல்விளக்குகள் கண்ணைக் குத்தும்படி எரியட்டும். ஸ்பீக்கரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘தெய்வக் குழந்தை’ என்று அறிமுகப்படுத்துங்கள்; வயது 34 ஆனாலும் குழந்தைதான். பொன்னாடையைக் கழுத்தை ஒட்டிப் போர்த்தி, ஜரிகை தோலில் படும்படி நன்றாக இழுத்துவிடுங்கள். அவர் முகம் சுளித்துக் கண்கலங்குவார். அதுதான் போட்டோ. “நெகிழ்ச்சியில் கண்ணீர்” என்று தலைப்பு வைக்கலாம். பிறகு, “சார் படத்த அஞ்சு நிமிஷத்துல வரைஞ்சு காட்டுப்பா” என்று மைக்கில் சொல்லுங்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து அவர் வரைந்த பெரிய படத்தைச் சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள். விலையா? விழிப்புணர்வுக்கு விலை உண்டா?

விருந்தினர், “ஐன்ஸ்டீனுக்கும் இதே பிரச்சினைதான்” என்று பேசுவார். கைதட்டவும். செத்துப்போன மேதைகள் வந்து மறுக்கப் போவதில்லை. கூடவே, “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு தீபாவளி என்ன கிழமை, சொல்லு பாப்போம்” என்றும் கேட்டுப் பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் இப்படி அதிசயத் திறன் காட்டுகிறவர்கள் சிறுபான்மைதான். கலைஞர் விழித்தால், “இவனுக்கு லேசாத்தான் இருக்கு போல” என்று உதட்டைப் பிதுக்கவும்.

படி 8: வேதனையைப் புகழுங்கள்

சொந்த மாவட்டத்தில் ஆள் கிடைக்காவிட்டால் சென்னையிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்: ஓவியர் கே. ராமானுஜம். ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர். 1966இல் ஓவியர்கள் கூடி, பாட்டிக் துணி விற்ற காசையும் சேர்த்து, ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் கிராமத்தில் வாழ்ந்தவர். பேச்சு தடுமாறும், மனச்சிதைவு இருந்ததாக எழுதுகிறார்கள். நெருக்கமான மைக்கோடுகளால் பூமியில் இல்லாத மாளிகைகளைக் கட்டினார். தூண்கள், மாடங்கள், பறக்கும் மிருகங்கள், நடுவில் தொப்பி போட்ட ஒரு மனிதர். தொப்பிக்காரர் அவரேதான். தெருவில் கேலிக்கு ஆளான மனிதருக்குத் தாளுக்குள் ராஜ மரியாதை நடந்துகொண்டிருந்தது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சி. மோகன் அவரை வைத்து ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ என்று நாவலே எழுதியிருக்கிறார். படங்கள் இன்று ஏலத்தில் லட்சங்களில் போகின்றன.

இங்கே பெருமூச்சு விட்டு, “அந்தப் பைத்தியம் இல்லேன்னா இப்படி வரைய முடியுமா?” என்று சொல்லுங்கள். அந்த மனத்தின் வார்ப்பு அந்த மாளிகைகளில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த மனம் பட்ட வேதனை ஒரு தூணைக்கூட எழுப்பவில்லை. கட்டிக்கொண்டிருந்தவரை நிறுத்தியதுதான் அது செய்த வேலை. பணிக்கர் கொடுத்த இடமும், பக்கத்துக் குடிலில் இருந்த சக ஓவியர்களும், மணிக்கணக்கில் உழைத்த கையும்தான் கட்டியவை. இதையெல்லாம் மேடையில் சொன்னால் சோகம் குறைந்து, செலவு கூடும். இடம் கொடு, துணை கொடு, மருந்து கொடு என்று கேட்பார்கள்.

படி 9: கங்கைகொண்ட சோழபுரம் போனால் வடக்குப் பக்கம் பார்க்காதீர்கள்

விடுமுறைக்கு எப்படியும் ஜெயங்கொண்டம் வழியாகப் போவீர்கள். ராஜேந்திரன் கோயிலைச் சுற்றி வரும்போது, வடக்குப் படிக்கட்டுப் பக்கத்தில் சிவன் உமையோடு அமர்ந்து, எதிரே கைகூப்பி மண்டியிட்டிருக்கும் ஒருவரின் தலையில் பூச்சரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருப்பார். சரத்தின் மடிப்புகூடக் கல்லில் தெரியும். மண்டியிட்டிருப்பவர் சண்டேசர்.

பெரியபுராணக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மண்ணியாற்றங்கரையில் ஒரு பையன் மணலைக் குவித்துக் குவித்து லிங்கம் செய்கிறான், பாலை ஊற்றுகிறான். தினமும் அதே விளையாட்டு. பால் வீணாகிறது என்று ஊர் பஞ்சாயத்து வைக்கிறது. அப்பா மரத்தில் ஒளிந்திருந்து பார்த்து, இறங்கி வந்து முதுகில் அடிக்கிறார். பையனுக்கு அடி விழுந்ததே தெரியவில்லை, அவ்வளவு ஈடுபாடு. அப்பா பால் குடத்தைக் காலால் உதைத்த பிறகு நடந்தது தனிக் கதை.

சண்டேசருக்கு ஆட்டிசம் என்று நாம் சொல்ல வரவில்லை. அது படி 7இல் மேடைக்காரர்கள் செய்கிற வேலை. ஒரே விளையாட்டில் ஊறி, கூப்பிட்டது கேட்காமல், அடித்தது உறைக்காமல் இருந்த பிள்ளைக்குச் சாமியே பூக் கட்டுகிற சிற்பத்தைப் பத்து நூற்றாண்டாக நம் மாவட்டத்தில் வைத்துக்கொண்டு, அவர் சன்னதியில் நாமும் வரிசையாக நின்று கைதட்டிவிட்டு, காரில் ஏறியதும் பின்சீட்டில் கையை உதறி உதறித் தட்டும் பையனை, “டேய், கைய வச்சுக்கிட்டுச் சும்மா இர்றா” என்று அதட்டுகிறோம் அல்லவா? அந்த அதட்டல் சுருதி பிசகாமல் வர வேண்டும். அதனால்தான் வடக்குப் பக்கம் பார்க்க வேண்டாம் என்கிறோம்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா? கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகும் என்பது மரபு. சரியாகாவிட்டால் பாடுபடப் போவது வேறு வீட்டுப் பெண்தானே.

மருந்து, தெரபி கொடுத்தால் கலை போய்விடும் என்கிறார்களே? கலைக்கு ஐந்து பைசா கொடுக்காதவர்கள்தான் இந்தக் கவலையை அதிகம் படுகிறார்கள். நீங்களும் படலாம். எது தனக்கு உதவுகிறது, எது தன்னை மழுக்குகிறது என்று கலைஞரைக் கேட்டால் சொல்லிவிடுவார், கேட்காதீர்கள்.

எச்சரிக்கை

கீழே உள்ளவற்றில் எதைச் செய்தாலும் இந்தக் கையேடு பொறுப்பல்ல. வீட்டில் முழு ஓவியர் ஒருவர் உருவாகிவிடக்கூடும்.

வரைய ஒரே மூலையை, ஒரே பலகையை, தினமும் அப்படியே விட்டுவைப்பது. கோடு முடியும்வரை கூப்பிடாமல் இருப்பது. காதுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்து, ஏன் என்று கேட்கும் உறவுக்காரர்களுக்கு நீங்களே பதில் சொல்வது. ஒரே கல்லை வரைந்தால், “அடுத்த கல் வேணுமா?” என்று கேட்பது. தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதை, ஆட்டிசம் உள்ள ஓவியர் என்றா வெறும் ஓவியர் என்றா என்பதை, அவரிடமே விட்டுவிடுவது. படத்துக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது.

எல்லாவற்றையும் விட மோசமானது, படம் பிடித்திருந்தால் விலை கேட்டு, பேரம் பேசாமல், அவர் சொன்னதைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போவது. ஒரு முறை அப்படி வாங்கிவிட்டீர்களானால், அடுத்த படம் எப்போது தயாராகும் என்று நீங்களே போன் செய்து கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.